வேண்டாத வரிகளை நீக்கிய வாரம்

6.7.87 திங்கள்

காலையிலிருந்தே காற்று. ஆனி இன்னும் முடியவில்லை, அதற்குள் ஆடி வேகம். ஆனையூர் பஸ் நிறுத்தத்தில் கண்ணைத் திறக்க முடியாத புழுதி. தலை வாரியது வீண்.

வாங்க வேண்டியவை: குக்கர் கேஸ்கட், நீல மை, இவருக்குப் பனியன் இரண்டு. (கேஸ்கட்டை மூன்றாவது வாரமாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.)

ஆபீசில் செருப்பைக் கழற்றும்போதே சீனிவாசன் சார் கூப்பிட்டார். எங்கள் கம்ப்யூட்டர் நிலையத்துக்கு முதலாளி, மேனேஜர், ஏசி ரிப்பேர்க்காரர் எல்லாம் அவர்தான். எதிரே ஒருவர் நாற்காலி நுனியில். விதைச் சங்கத்தின் கள அலுவலர், பெயர் துரைப்பாண்டி. ஐம்பது வயதிருக்கும். செருப்பை வெளியே விடச் சொன்னதில் கொஞ்சம் கோபம்.

விஷயம்: சங்கம் போன மாதம் செக்கானூரணி பக்கத்து ஊர்களுக்கெல்லாம் விதைக் கடலை விற்றது. விதைக் கடலையில் பூச்சி மருந்து கலந்திருக்கும். யாரும் தின்றுவிடாமல் இருக்க ரோஸ் நிறச் சாயமும் சேர்ப்பார்களாம். ஒரே சமயத்தில் கலந்து மூட்டை கட்டிய ஒரே ஒரு லாட்டில், எண் ஜி-12, மருந்து கலந்தவர்கள் சாயம் கலக்க மறந்திருக்கிறார்கள். மூட்டைக்குள் எச்சரிக்கைச் சீட்டும் போடவில்லை. விதைத்தது போக மிச்சத்தை யாராவது அவித்துத் தின்றால் போச்சு.

"பார்த்தா வீட்டுக் கடலை மாதிரியே இருக்கும்மா. நானே அள்ளி வாயில போட்டிருப்பேன்," என்றார் து.பா.

சங்கத்தின் ரசீதுகள் கோடவுனில் கட்டுக்கட்டாக. கையால் தேடினால் பத்து நாளாகும். ஆனால் அந்த ரசீதுகளை எல்லாம் போன மாதம் நாங்கள்தான் டைப் அடித்து மெஷினில் ஏற்றினோம். முக்கால்வாசி ஜமீலா, அவள் லீவில் இருந்த நாட்களில் நான். மொத்தம் நாலாயிரம் வரிக்கு மேல்.

"எம்புட்டு நாளாகும்?" என்றார்.

"இன்னைக்கு சாயந்தரத்துக்குள்ள தர்றேண்ணே."

"இன்னைக்கா," என்று இன்னொரு தடவை கேட்டுக்கொண்டார். சார் என்னைப் பார்த்தார். நான் சாரைப் பார்க்கவில்லை. சொன்னதைச் செய்ய முடியும் என்று தெரியும்.

எப்படிச் செய்தேன் என்று எழுதிவைக்கிறேன், பின்னால் உதவும்.

ஒருவருக்கு ஒரு வரி. ரசீது எண், பெயர், தகப்பன் பெயர், ஊர், மூட்டை, லாட் எண். குறிப்பு ஏதாவது இருந்தால் அதற்குப் பின்னால். 'ஜி-12 உள்ள வரிகளைக் கொடு' என்றேன். 611 வந்தது. மெஷின் மேல் தப்பில்லை. ஜி-120, ஜி-121 என்று 129 வரை பத்து லாட் இருக்கிறது. எல்லாவற்றுக்குள்ளும் ஜி-12 உட்கார்ந்திருக்கிறது. போதாததற்கு, மூட்டையைப் பிரித்து விற்ற இடங்களில் ஜமீலா எடையைக் 'கேஜி-12' என்று அடித்திருக்கிறாள். அதற்குள்ளும் ஜி-12.

தேடுவது சுலபம். வேண்டாததை விலக்குவதில்தான் வேலை.

முதலில் கேஜி என்று வரும் வரிகளை எல்லாம் நீக்கச் சொன்னேன். பட்டியல் சட்டென்று சுருங்கியது. சந்தோஷமாக இருந்தது. டீ குடிக்கும்போது உதைத்தது. பதினைந்து கிலோ மட்டும் பிரித்து வாங்கியவன் ஜி-12 லாட்டிலேயே வாங்கியிருந்தால்? கேஜி இருக்கிறது என்பதற்காக வரியையே எறிந்தால், அந்த ஆளும் போய்விடுவான். டீயை வைத்துவிட்டு ஓடி வந்து பார்த்தேன். அப்படிப் பத்தொன்பது பேர். நல்லவேளை.

வரியை எறியக் கூடாது. எழுத்துக்கு எழுத்து சொல்ல வேண்டும். ஜி-க்கு முன்னால் 'கே' இருக்கக் கூடாது. 12-க்குப் பின்னால் வருவது இன்னோர் இலக்கமாக இருக்கக் கூடாது. இரண்டாவதை இப்படி எழுதினேன்:

ஜி-12[^0-9]

கட்டத்துக்குள் கூரை மாதிரி இருக்கும் குறிக்கு 'இவை அல்லாத' என்று அர்த்தம். 12-க்கு அடுத்து 0 முதல் 9 வரை அல்லாத ஓர் எழுத்து.

186 வரி. ஜமீலா அடித்ததிலிருந்து பத்தை எடுத்து ரசீதோடு ஒப்பிட்டோம். பத்தும் சரி. மூன்றரைக்குப் பிரிண்டர் ஓடி முடித்தது.

து.பா. தாளை மடிக்காமல் சுருட்டி வாங்கிக்கொண்டார். "அம்புட்டுப் பேரும் இதுல வந்தாச்சா?"

"வந்தாச்சுண்ணே."

சார் 'பட்டியல் முழுமையானது' என்று கடிதம் வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

இவரிடம் சொன்னேன். வண்டியூர்ப் பள்ளியில் கெமிஸ்ட்ரி வாத்தியார். மருந்தின் பெயரைக் கேட்டதும் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார். "கழுவினாலும் போகாது, வறுத்தாலும் போகாது. சீக்கிரம் கொடுத்தியே, அது நல்லது."

கேஸ்கட் வாங்கவில்லை.

7.7.87 செவ்வாய்

காற்று. மொட்டை மாடிக் கொடியில் போட்ட இவர் வேட்டி பக்கத்து வீட்டு முருங்கையில்.

சங்கத்து ஜீப் காலையிலேயே போய்விட்டதாம். ஊர் ஊராக இறங்கி, மிச்ச விதையை வாங்கிக்கொண்டு வேறு மூட்டை கொடுக்கிறார்கள். ஒலிபெருக்கி வைத்துச் சொல்லலாமே என்று சார் போனில் கேட்டிருக்கிறார். "ஜி-12ன்னு சொன்னா யாருக்குங்க தெரியும்? சங்கத்துக் கடலையே விஷமாம்னுதான் பரவும். அப்புறம் நல்ல விதையையும் ஊருணியில கொட்டுவாக," என்றார்களாம். அதுவும் நியாயம். ஆக, என் பட்டியல்தான் எல்லாம்.

சார் தன் அறைக்குக் கூப்பிட்டுக் காப்பி கொடுத்தார். மூன்று வருடத்தில் இரண்டாவது தடவை. "மெட்ராஸ்ல இதை ரெண்டு நாள் இழுத்திருப்பான் கோமதி."

ஆமாம் என்றுதான் தோன்றியது. அடக்கமாக இருக்க முயன்றேன், முழுசாக முடியவில்லை.

ஜமீலாவின் அக்காவுக்கு நிக்காஹ் நிச்சயம். ஆளுக்கொரு மைசூர்பாகு.

8.7.87 புதன்

11 முதல் 1 வரை கரண்ட் இல்லை. ஏசி நின்றதும் மெஷினை அணைத்துவிட்டு எல்லோரும் வாசலில்.

கேஸ்கட் வாங்கினேன். அளவு தப்பு.

பஸ்ஸில் பின் சீட்டில் இரண்டு பேர்: "பொண்ணு கம்ப்யூட்டர்ல வேலை பாக்குதாம் மாப்ள." "அது என்ன பண்ணும்?" "அது பாட்டுக்குப் பண்ணும். இது பாத்துக்கிட்டு இருக்கும்." சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

சங்கத்திலிருந்து போன்: நூற்றிருபது வீடு முடிந்ததாம்.

9.7.87 வியாழன்

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

பத்தரை மணிக்கு து.பா. அண்ணன் வந்தார். இந்தத் தடவை செருப்பைத் தானாகவே கழற்றினார். மேஜைமேல் ஒரு துணிச்சீட்டை வைத்தார். மூட்டை வாயில் தைத்திருப்பது. ஜி-12.

"நேத்து ஒரு வீட்டுல மூட்டையை மாத்திக்கிட்டு இருந்தோம். பக்கத்து வீட்டுக்காரர் வந்து, எங்க வீட்டுலயும் இதே சீட்டுதான் இருக்குன்னு கொண்டாந்து காட்டுறாரு. லிஸ்டைப் பாக்குறேன், அவரு பேரே இல்லை."

"ரசீது போடாம வாங்கியிருப்பாரா?"

"ரசீதும் வச்சிருக்காரும்மா," என்று அதையும் எடுத்து வைத்தார்.

ரசீது எண்ணைக் கொடுத்து வரியை எடுத்தேன். இருந்தது. பெயர், தகப்பன் பெயர், ஊர், இரண்டு மூட்டை, ஜி-12. அதோடு வரி முடிந்தது. குறிப்பு இல்லை. வலது பக்கம் வெறும் திரை.

அந்த வெறும் இடத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

12-க்குப் பின்னால் இலக்கம் அல்லாத ஓர் எழுத்து வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். இலக்கம் வரக் கூடாது என்பதுதான் என் மனசில் இருந்தது. நான் எழுதியதோ வேறு: ஏதாவது ஒன்று வந்தே ஆக வேண்டும், அது இலக்கமாக இருக்கக் கூடாது. 12-ஓடு வரி முடிந்துவிட்டால் பின்னால் ஒன்றுமே இல்லை. ஒன்றுமே இல்லாததை மெஷின் சேர்க்காது.

அப்படியானால் குறிப்பு இல்லாத எல்லோரும் விட்டுப்போயிருக்க வேண்டுமே, நூற்றுக்கணக்கில். ஏன் இல்லை? ஜமீலாவுக்கு ஒரு பழக்கம். ஒவ்வொரு வரி முடிவிலும் கட்டைவிரல் தானாக ஸ்பேஸ் பாரைத் தட்டும். அந்த வெற்றிடமும் ஓர் எழுத்துதான். அதனால் அவள் அடித்த வரிகள் முழுசும் வந்துவிட்டன. அதை வேண்டாத பழக்கம் என்று அவளிடம் எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்.

நான் ஸ்பேஸ் தட்ட மாட்டேன். சுத்தமாக அடிப்பேன். விட்டுப்போனது முழுக்க நான் அடித்த வரிகள்.

வரி முடிவையும் சேர்த்துத் தேடினேன்:

ஜி-12([^0-9]|$)

டாலர் குறி வரியின் முடிவு. நடுவில் உள்ள கோடு 'அல்லது'. 223. முன்பு 186. முப்பத்தேழு பேர்.

து.பா. பக்கத்திலேயே நின்றிருந்தார். மறைக்க ஒன்றுமில்லை. "முப்பத்தேழு பேர் விட்டுப்போச்சுண்ணே. தப்பு என்னோடது."

"பிரிண்ட் போடுங்க," என்றார்.

சார் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு பேசினோம். சாருக்கு முகம் சுருங்கிவிட்டது. கொஞ்ச நேரம் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

"முழுமையானதுன்னு நான் கையெழுத்துப் போட்டிருக்கேன் கோமதி. 'கூடுதல் பட்டியல்'னு தலைப்புப் போட்டு அனுப்பிடுவோம். ரசீது லேட்டா வந்ததா நெனச்சுப்பாங்க. வேலை நடந்துடும். நமக்கும் பேரு கெடாது."

"கூடுதல் பட்டியல்னு போட்டா நாளைக்குப் போவாங்க சார். தப்பு நடந்திருச்சுன்னு போட்டா இன்னைக்கே போவாங்க."

"துரைப்பாண்டி இங்கதானே இருக்காரு. அவர்கிட்ட வாயால சொல்லிக்கலாம்."

"ரெண்டாவது ஜீப் வேணும்னா சங்கத்துச் செக்ரட்டரிதான் சார் தரணும். அவருக்குத் தாள்ல இருக்கணும்."

சார் எழுந்து ஜன்னலோரம் போனார். திரும்பி வந்தார். தானே டைப்ரைட்டர் முன் உட்கார்ந்து அடித்தார். 'எங்கள் தேடல் முறையில் நேர்ந்த தவறு காரணமாக முப்பத்தேழு பெயர்கள் விடுபட்டுவிட்டன. உடனே செல்லவும்.' என் பெயரைப் போடவில்லை. 'எங்கள்' என்றே போட்டார்.

பன்னிரண்டரைக்கு இரண்டு ஜீப். பட்டியல் இங்கிலீஷில் இருப்பதால் ஒவ்வொன்றிலும் படிக்க ஆள் வேண்டும். ஒன்றில் து.பா., இன்னொன்றில் நான். சார் தடுக்கவில்லை. ஜமீலா தன் டிபன் பாக்ஸை என் பையில் திணித்தாள். "சாப்பிட்டுப் போங்கக்கா," என்றாள். அவளிடம் ஸ்பேஸ் விஷயத்தை இன்னும் சொல்லவில்லை.

செக்கானூரணி தாண்டி மேற்கே. இரு பக்கமும் உழுது போட்ட செம்மண். பாதி நிலம் விதைத்தாகிவிட்டது, பாதி மழைக்காகக் காத்திருக்கிறது. விதைத்துவிட்டவர்கள் வீட்டில் நிம்மதியாகக் கோடு போட்டேன். மண்ணுக்குள் போன விதையை யாரும் தின்ன மாட்டார்கள்.

ஒரு வீடு மட்டும் முழுசாக எழுதுகிறேன். பேச்சியம்மாள் வீடு, தெருவின் கடைசி. முப்பத்தைந்து வயதிருக்கும். வாசலில் தென்னங்கீற்றுப் பந்தல், ஞாயிற்றுக்கிழமை மகளுக்குக் காதுகுத்து. உள்ளே எட்டிப்பார்த்தேன். முறத்தில் தோல் நீக்கின கடலை. அடுப்பில் வெல்லப்பாகு. பக்கத்தில் பெரிய தகர டின்னில் பாதிக்குமேல் கடலை உருண்டை.

"யாராவது தின்னாங்களா?" என்றுதான் முதலில் கேட்டேன். யார் என்றுகூடச் சொல்லவில்லை.

"சாமிக்குப் படைக்காமத் திங்கக் கூடாதுன்னு வச்சிருக்கேன். ஏன், நீங்க யாரு?"

சொன்னேன். சங்கத்து விதை, மருந்து, சாயம் இல்லாதது. அவர் நம்பவில்லை. ஓர் உருண்டையை எடுத்து முகர்ந்து பார்த்தார். "ஒரு வாடையும் இல்லையே. நல்லா அலசித்தான் வறுத்தேன்."

"அலசினாலும் போகாதுங்க. வறுத்தாலும் போகாது."

"விதைக் கடலைன்னா ரோஸா இருக்கும். எங்களுக்குத் தெரியாதா? ரோஸா இல்லாததைப் பார்த்துத்தானே எடுத்தேன். அறுபது பேரு வாராக ஞாயித்துக்கிழமை. அம்புட்டு வெல்லத்தையும் எங்க கொட்டச் சொல்றீக?"

டிரைவர் சத்தம் போடப் பார்த்தார். வேண்டாம் என்று கையைக் காட்டினேன்.

பேச்சியம்மாள் பாகை இறக்கி வைத்தார். பிறகு கேட்டார்: "செவ்வாக்கிழமை இந்தத் தெருவுக்கு ஜீப்பு வந்துச்சு. நாலு வீடு தள்ளி மூட்டையை மாத்திக் குடுத்துட்டுப் போச்சு. நானும் வாசல்லதான் நின்னேன். அம்புட்டு விஷம்னா, அன்னைக்கே எங்க வீட்டுக்கு ஏன் வரலை?"

இந்தக் கேள்விக்குச் சுற்றி வளைக்க முடியவில்லை.

"லிஸ்ட் எடுத்தது நான்தாங்க. மெஷின்கிட்ட சரியாக் கேக்கலை. உங்க வரி நம்பரோட முடிஞ்சிருச்சு, பின்னாடி ஒண்ணும் எழுதலை. பின்னாடி ஏதாவது எழுதியிருந்தவங்களை மட்டும் எடுத்துட்டேன். உங்க பேரை விட்டுட்டேன்."

அடுப்பிலிருந்து விறகை வெளியே இழுத்துப் போட்டார். பிறகு, "கடைசின்னா அப்படித்தான். பஞ்சாயத்துக் குழாயும் நாலு வீட்டுக்கு முன்னாடி நின்னுபோச்சு," என்றார். கோபமாகத் தெரியவில்லை. தெரிந்த விஷயத்தைச் சொல்வது மாதிரி.

டின்னை அவரே தூக்கிக்கொண்டு வந்தார். கொல்லையில் முழங்கால் ஆழத்துக்குக் குழி வெட்டி டிரைவர் கொட்டினார். ஆடு தோண்டாமல் இருக்க மேலே கல். பேச்சியம்மாள் முறத்தையும் சேர்த்துப் போட்டார். கையைச் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவச் சொன்னேன். கழுவிவிட்டு, "நீங்களும் கழுவுங்க," என்று என் கைக்குத் தண்ணீர் ஊற்றினார்.

இரண்டு ஜீப்பும் சேர்த்து இன்று முப்பத்தொன்று. மீதி ஆறு. அதில் ஒருவர் பால்ச்சாமி. வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டில் கேட்டதற்கு, "நேத்துக் காலையில வாந்தி எடுத்தாரு, நிக்கவே இல்லை. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போயிட்டாக," என்றார்கள்.

எதனால் வாந்தி என்று யாருக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரியும்.

10.7.87 வெள்ளி

காலை ஏழரைக்கே பெரியாஸ்பத்திரி. இவரும் வந்தார், பள்ளிக்கு அரை நாள் லீவு. மருந்தின் பெயர், அதில் என்ன இருக்கிறது, எல்லாவற்றையும் ஒரு தாளில் கெமிஸ்ட்ரிக்காரருக்கே உரிய கையெழுத்தில் எழுதி எடுத்து வந்தார்.

ஆண்கள் வார்டு. பால்ச்சாமிக்கு நாற்பத்தைந்து வயதிருக்கலாம். கையில் டிரிப். கண்ணை மூடியிருந்தார். உதடெல்லாம் வெடித்திருந்தது. மனைவி செல்லத்தாய் கட்டில் காலருகே தரையில்.

டாக்டர் இளவயது. கெட்டுப்போன சாப்பாடு என்று நினைத்து வைத்தியம் செய்துகொண்டிருந்தார். தாளை இரண்டு தடவை படித்தார். "இது முன்னமே தெரிஞ்சிருக்கணும்," என்று சொல்லிவிட்டு நர்ஸைக் கூப்பிட்டார். ஊசி மாற்றினார்கள், ரத்தம் எடுத்தார்கள். பிறகு எங்களிடம் வந்து, தின்றதில் பெரும்பகுதி வாந்தியில் போனதுதான் காப்பாற்றியிருக்கிறது, இரண்டு நாள் கிட்னியைப் பார்க்க வேண்டும் என்றார்.

செல்லத்தாயிடம் கேட்டேன். எப்போது தின்றார்?

"புதங்கிழமை காலையிலம்மா. உழவுக்குப் போகுறப்ப ரெண்டு கை அள்ளி மடியில கட்டிக்கிட்டுப் போனாரு. போற வழியில கொறிக்க."

புதன் காலை. அவர் தெருவுக்கு முதல் ஜீப் போனது செவ்வாய் மாலை. திங்கள் மதியம் என் பட்டியலில் இந்த மனிதர் இருந்திருந்தால் செவ்வாயன்றே மூட்டை மாறியிருக்கும்.

செல்லத்தாயிடம் அதைச் சொல்ல வாயெடுத்தேன். அவர் டிரிப் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லவில்லை. பால்ச்சாமி எழுந்ததும் அவரிடமே சொல்வதுதான் முறை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது முறையா, பயமா, தெரியவில்லை.

வெளியே வந்ததும் இவர், "சாயம் கலக்காதது நீயா?" என்றார்.

"இல்லை."

"அப்ப எல்லாத்தையும் நீயே தூக்காதே. உன் பங்கை மட்டும் தூக்கு."

என் பங்கு செவ்வாய் மாலையிலிருந்து புதன் காலை வரை. அதைத் தூக்கிக்கொள்கிறேன்.

ஆபீஸ் போனேன். வேலை செய்தேன். என்ன வேலை என்று ஞாபகமில்லை.

11.7.87 சனி

காற்று குறைந்தது. மேற்கே மேகம்.

முதல் பட்டியல் நேற்றே முடிந்ததாம். புதுப் பட்டியலில் மீதி ஐந்து பேரையும் து.பா. அண்ணன் முடித்துவிட்டார். நாலு பேர் விதைத்துவிட்டார்கள். ஐந்தாமவர் மூட்டையை மச்சினன் வீட்டுக்கு அழகர்கோவில் பக்கம் அனுப்பியிருக்கிறார். து.பா. அண்ணன் பஸ் பிடித்துப் போய், வாய் பிரிக்காத மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு பஸ்ஸிலேயே திரும்பியிருக்கிறார். "கண்டக்டர் லக்கேஜுன்னான். விஷம்டா, தள்ளி நில்லுன்னேன். ரெண்டு சீட்டுக் காலியாகிருச்சு."

வாரத்தில் முதல் தடவையாக அவர் சிரித்துப் பார்த்தேன்.

பெரியாஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். பால்ச்சாமி கஞ்சி குடித்தாராம்.

இன்று செய்தவை:

1. இதுவரை 'அல்லாத' குறி போட்டு நான் எழுதிய தேடல்களை எல்லாம் எடுத்தேன். பதினான்கு. வரி முடிவில் என்ன ஆகும் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். இரண்டில் இதே ஓட்டை. ஒன்று ஒரு கல்லூரி நூலகப் பட்டியல், இன்னொன்று ஒரு மில்லின் சாமான் பட்டியல். திங்கட்கிழமை போன் செய்து சொல்ல வேண்டும். சாரிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன். பெருமூச்சு விட்டுவிட்டு "சரி" என்றார்.

2. சோதனைக்கென்று பன்னிரண்டு வரி தனியாக அடித்து வைத்தேன். வேண்டியது வரி ஆரம்பத்தில், நடுவில், முடிவில், பின்னால் ஸ்பேஸோடு, ஸ்பேஸ் இல்லாமல், எடை கலந்து, பெரிய எண்ணுக்குள் மறைந்து. இனி எந்தத் தேடலும் முதலில் இந்தப் பன்னிரண்டில் ஓடி, எதை எடுக்கிறது, எதை விடுகிறது என்று பார்த்த பிறகுதான் வெளியே போகும்.

3. நீக்கியவற்றையும் பிரிண்ட் எடுத்துப் பார்க்க வேண்டும். திங்களன்று வந்த 186-ஐத்தான் சரிபார்த்தேன். போன 425-ஐத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அரைமணியில் தெரிந்திருக்கும்.

4. ஜமீலாவிடம் சொன்னேன். அவள் வரிகள் தப்பித்ததற்குக் காரணம் அந்த ஸ்பேஸ்தான் என்று. "அப்ப இனிமே தட்டலாமாக்கா?" "தட்டக் கூடாது," என்றேன். "அல்லாவே, என்ன அக்கா நீங்க," என்று போய்விட்டாள். பிறகு பத்து நிமிஷம் இருவருக்கும் சிரிப்பு நிற்கவில்லை.

அந்த 'அல்லாத' குறி நல்ல குறிதான். நான் கேட்டதைத்தான் கொடுத்தது. இனி அதைப் பயந்து பயந்து எழுதப்போவதில்லை, நன்றாகவே எழுதுவேன்.

12.7.87 ஞாயிறு

குழாயில் தண்ணீர் வந்தது, ஒரு மணி நேரம். எல்லாப் பாத்திரத்திலும் பிடித்தாயிற்று.

சரியான அளவு கேஸ்கட் இவர் வாங்கி வந்தார். முதல் விசிலில் கீழ்வீட்டு அம்மா மாடி ஏறி வந்து பார்த்துவிட்டுப் போனார்.

பேச்சியம்மாள் வீட்டில் இன்று காதுகுத்து. சங்கம் வேறு கடலை கொடுத்ததாம், உருண்டைக்கு நேரம் போதவில்லை, அதிரசத்தோடு நிறுத்திக்கொண்டார்களாம். து.பா. போய் மொய் வைத்துவிட்டு வந்திருக்கிறார். எனக்கென்று ஒரு பொட்டலம் கொடுத்தனுப்பியிருக்கிறார்கள். நான்கு அதிரசம். இரண்டை நான், இரண்டை இவர்.

மாலை மழை. பத்து நிமிஷம். மண் நனைந்தது, அவ்வளவுதான்.

13.7.87 திங்கள்

நூலகத்துக்கும் மில்லுக்கும் போன். நூலகர் நன்றி சொன்னார். மில்லில் திட்டினார்கள். இரண்டையும் வாங்கிக்கொண்டேன். புதுப் பட்டியல்கள் மதியம் போயின. முதலில் பன்னிரண்டு வரிச் சோதனை, சரியாக வந்தது.

பால்ச்சாமிக்கு நாளை டிஸ்சார்ஜ்.

14.7.87 செவ்வாய்

மேகமூட்டம். பட்டியலின் ஒரு தாளைப் பையில் வைத்துக்கொண்டு எட்டு மணிக்கு ஆஸ்பத்திரி. ஏன் எடுத்துப்போனேன் என்று தெரியவில்லை. கையில் எதுவும் இல்லாமல் போகக் கூச்சமாக இருந்தது.

பால்ச்சாமி கட்டிலில் உட்கார்ந்து சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார். செல்லத்தாய் மருந்துச்சீட்டோடு கவுண்டருக்குப் போயிருந்தார். நான் யார் என்று சொன்னேன். திங்கள் முதல் புதன் வரை நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். செவ்வாயன்று ஜீப் அவர் வாசலைத் தாண்டிப் போனது என் தப்பால்தான் என்றும் சொன்னேன்.

அவர் பொத்தானை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப அந்த டாக்டரு கையில மருந்துப் பேரு எழுதிக் குடுத்ததும் நீங்கதானா?"

"எங்க வீட்டுக்காரர் எழுதினாருண்ணே. நான் கொண்டாந்தேன்."

"ம்." விட்ட பொத்தானைப் போட்டுக்கொண்டார். பக்கத்துக் கட்டில்காரர் இருமினார். "இப்ப எம் பேரு அதுல இருக்கா?"

"இருக்குண்ணே."

"காட்டுங்க."

தாளை விரித்தேன். இங்கிலீஷ் எழுத்து, அவருக்குப் படிக்கத் தெரியாது. அவர் வரிக்கு நேராக என் விரலை வைத்தேன். என் விரலை நகர்த்திவிட்டுத் தன் விரலை வைத்தார். நகத்தில் இன்னும் செம்மண். பெயரிலிருந்து தொடங்கி எண் வரை மெதுவாக நகர்த்திக்கொண்டு போனார். வரி முடிந்த இடத்தில் விரல் நின்றது.

"இதோட முடிஞ்சிருச்சா?"

"முடிஞ்சிருச்சுண்ணே. இதுக்குப் பின்னாடி ஒண்ணும் இல்லைன்னுதான் விட்டுப்போச்சு."

வெறும் தாளில் இன்னும் கொஞ்ச தூரம் விரலை ஓட்டிப் பார்த்தார். "இம்புட்டு எடம் கிடக்கே," என்றார். "ஏதாச்சும் ஒண்ணு எழுதி வச்சிருக்கலாம்ல தாயி."

செல்லத்தாய் வந்துவிட்டார். ஒன்பதே முக்காலுக்கு உசிலம்பட்டி பஸ். ஜன்னல் ஓரம் இடம் பிடித்துக் கொடுத்தேன்.